பார்பராவின் தொண்டையில் ஈயம்

உள்தூய்மை என்பது பிறர் கண் எட்டாத இடத்தைத் தன் கண்ணால் எட்டிப் பார்த்துத் துடைத்து வைக்கும் பண்பு. முகத்தைக் கழுவுவோர் பலர். வாசலைப் பெருக்குவோர் அவரினும் பலர். புகைபோக்கியின் நெஞ்சு, எக்காளத்தின் வயிறு, துப்பாக்கிக் குழலின் தொண்டை என்று இருள் குடியிருக்கும் இடங்களை எண்ணி உறக்கம் இழப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், போலந்து நாட்டு மொக்ரூவ் நகரத்துக் கயெதான் பிலாரெக்.

தொழிலால் அவர் புகைபோக்கி துடைப்பவர். கரிய சட்டையும் இரட்டை வரிசைப் பித்தளைப் பொத்தானுமாக அவர் தெருவில் வந்தால், எதிர்ப்படுவோர் நல்வாய்ப்பு வேண்டித் தத்தம் சட்டைப் பொத்தானை இறுகப் பற்றிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு சவ ஊர்வலத்தில் எக்காளம் ஊதியவரை இடைநிறுத்தி, அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்த்து, உள்ளே சிலந்தி வலை இருப்பதாக அறிவித்தார். இறந்தவரின் மனைவி முதற்கொண்டு அனைவரும் பொத்தானைப் பற்றியபடி காத்திருக்க, வலையை எடுத்த பின்னரே ஊர்வலம் நகர்ந்தது.

வீட்டிலும் அவ்வாறே. மனைவி லுத்விகா குழல் மக்கரோனி வேகவைக்க எடுத்தால், அவர் ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊதிப் பார்ப்பார்.

"கய்தெக், அது திங்கிற சாமான். அதுல புகை ஒண்ணும் போகப் போறதில்ல."

"புகை போகாது லுத்விகா. ஆனா அடைச்சிருந்தா குழம்பு எப்படி உள்ள போகும்?"

"உன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு அடைப்புக் குழாயக் கட்டியிருக்கலாம். அதுவாவது சும்மா இருந்திருக்கும்."

இத்தகையவர் கழுத்தில்தான் மொக்ரூவ் சேவல் சகோதர சங்கத்தின் ஆயுத அறைச் சாவி இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொங்கிற்று. குளிக்கும்போதும் அவர் அதைக் கழற்றியதில்லை. மகவில்லாத அவருக்கு அச்சாவியே மகவு. அது திறந்துவிடும் அறையில் வாழ்ந்த பார்பரா என்னும் துப்பாக்கியே குலக்கொழுந்து.

சங்கத்தின் வழக்கம் பழமையானது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா முடிந்து எட்டு நாள் கழித்து வரும் திங்களன்று, ஊர்ப்புறத்து மண்மேட்டின் முன் உயர்ந்த கம்பம் நட்டு, அதன் உச்சியில் கருவாலி மரத்தில் செதுக்கிய சேவல் ஒன்றை ஏற்றுவார்கள். நாற்பத்திரண்டு சகோதரர்களும் சீட்டெடுத்த வரிசையில் அதைச் சுடுவார்கள். கொண்டை போகும், வால் போகும், சிறகு போகும். கடைசித் துண்டை யார் வீழ்த்துகிறாரோ அவரே ஓராண்டுக்கு அரசர். நான்கு கிலோ எடையுள்ள வெள்ளிச் சேவல் சங்கிலியை அவர் கழுத்தில் மாட்டுவார்கள். ஒருவர் துப்பாக்கி மற்றவரினும் நல்லதாக இருந்துவிடலாகாது என்பதால் அனைவரும் பார்பரா ஒன்றையே கையில் ஏந்த வேண்டும்.

சாசனத்தின் பதினேழாம் விதி இதனினும் கண்டிப்பானது. சேவல் விழும்வரை எவரும் பார்பராவின் குழலைத் துடைக்கலாகாது. ஒருவர் முறைக்கு முன் துடைத்தால் அது அவருக்குச் செய்த சலுகை ஆகிவிடும். துடைத்தே தீர வேண்டுமாயின், ஆயுதக் காவலர் அதன் காரணத்தைச் சபை நடுவே உரைத்து, சாவியை மேசைமேல் வைத்துவிட வேண்டும். அதை யாரிடம் கொடுப்பது என்பது அடுத்து முடிசூடும் அரசரின் உரிமை.

ஆகவே கயெதானின் திறமை முழுவதும் துடைப்பதில் இல்லை. துடைக்க வேண்டிய நிலை வராமல் காப்பதில் இருந்தது. பார்பரா சுடுவது அவரே அச்சில் வார்த்த ஈயக் குண்டுகளை. ஈயம் இளகிய மனம் கொண்டது. குழலுக்குள் திருகிச் செல்லும் வரிகளின் வழியே அது சீறிப் பாயும்போது, இடையில் நல்ல பசை இல்லையேல், தன் தோலை உரித்து அவ்வரிகளிலேயே பூசிவிட்டுப் போகும். அடுத்த குண்டு அதன்மேல் இன்னொரு பூச்சு. வரிகள் தூர்ந்தபின் குண்டு சுழலாது. சுழலாத குண்டு நேரே போகாது. கள்ளுண்டவன் போலப் பக்கவாட்டில் புரண்டு போய்ச் சேரும். இதைத் தடுக்க அவர் ஒவ்வொரு குண்டின் இடுப்புப் பள்ளத்திலும் ஒரு பசை தடவுவார்: இரண்டு பங்கு தேன்மெழுகு, ஒரு பங்கு பன்றிக் கொழுப்பு. இருபத்திரண்டு ஆண்டில் பார்பராவின் தொண்டை ஒருநாளும் கட்டியதில்லை. சேவலும் எண்பது தொண்ணூறு வெடிக்குள், ஒரே பிற்பகலில், விழாமல் இருந்ததில்லை.

தேன்மெழுகு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிப்ரவரித் திருநாளில் கோயிலில் மந்திரித்துத் தரும் இடித்திரியை ஒவ்வொரு வீட்டிலும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். இடி இடித்தால் சன்னலில் ஏற்றுவார்கள்; உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர் கையில் கொடுப்பார்கள். வேறொன்றுக்கும் அதைத் தொடலாகாது. புதுத்திரி வந்ததும் பழைய துண்டைக் குப்பையில் எறிய அஞ்சும் இல்லத்தரசிகள், புகைபோக்கி துடைக்க வரும் கயெதானிடம் அதைக் கொடுத்து, "தக்க இடத்துல சேர்த்துடுங்க" என்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொள்வார். இடியிலிருந்து காக்க மந்திரித்த மெழுகு, இடிபோல் முழங்கும் குழலைக் காக்கலாகாதா என்பது அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட நியாயம். நியாயம் முழுமையானதாக இருந்திருந்தால் அதை லுத்விகாவிடமும் சொல்லியிருப்பார்.

இவ்வாண்டுத் திங்களன்று அரசராய் இருந்தவர் இறைச்சிக் கடைக்காரர் வலேரியன் துஜாக். சேவல் விழும்வரை வந்தோர் அனைவருக்கும் உணவளிப்பது நடப்பு அரசரின் கடமை. ஒரு பிற்பகல்தானே என்று ஒரு பெரிய பானையில் முட்டைக்கோசும் இறைச்சியுமாகப் பீகோஸ் சமைத்து வைத்திருந்தார். சனிக்கிழமை அவர் மகள் திருமணம். அதற்குப் புகையூட்டிய சாசேஜ் சரம் சரமாகக் கடையின் பின்னறையில் தொங்கியது.

முதற்சுற்றில் கொண்டை பறந்தது. இரண்டாம் சுற்றில் வாலும் ஒரு சிறகும் போயின. எழுபதாவது வெடிக்குப் பின் ஒன்றும் படவில்லை. ஊரிலேயே குறி தவறாதவர் எனப் பெயர் எடுத்த அஞ்சல்காரர், சேவலைப் பார்த்துச் சுட்டுக் கம்பத்துக்கு இரண்டு சாண் இடப்புறம் மேட்டில் புழுதி கிளப்பினார். கயெதான் மேட்டின்மேல் சாத்தியிருந்த பின்பலகையருகே சென்று துளைகளைப் பார்த்தார். வட்டமாய் இருக்க வேண்டியவை சாவித் துளைபோல் நீண்டிருந்தன. குண்டுகள் குறுக்கே படுத்தபடி வந்து மோதியிருக்கின்றன. அவர் கை தானாகத் தம் சட்டைப் பொத்தானைப் பற்றியது.

அன்று சேவல் விழவில்லை. சாசனப்படி பார்பராவை அழுக்கோடே அறையில் வைத்துப் பூட்டினார். பெற்ற பிள்ளையைச் சேற்றோடு படுக்கவைத்த தாய்போல் வீடு வந்தார்.

செவ்வாயன்று நிலைமை முற்றிற்று. நூற்று ஐம்பதாவது வெடியும் வீணானபோது, கம்பத்தின் அடியில் யாரோ ஒரு பூச்செண்டு வைத்திருந்தார்கள். பிற்பகலுக்குள் அது பதினொன்றாயிற்று. முழந்தாளிட்டிருந்த ஒரு மாது, சேவலின் எஞ்சிய ஒற்றைச் சிறகு ஆசி வழங்கும் கைபோல் இருப்பதாகச் சொன்னாள். பங்குத்தந்தை பிளாஷெய் மிதிவண்டியில் விரைந்து வந்தார்.

"அம்மா, அது மரம். தச்சன் செஞ்சது. போன மாசம் நானே அவன் பட்டறையில பார்த்தேன்."

"அதனாலென்ன சாமி, கோயில்ல இருக்கிற சுருபமும் தச்சன் செஞ்சதுதானே?"

சாமியார் மிதிவண்டி மணியை ஒருமுறை அடித்துவிட்டு நிழலில் போய் நின்றார்.

சங்கத்தின் மூத்தவரான ஹியெரோனிம் கோஸ்த்கா பல் மருத்துவர். துடைக்கத்தான் கூடாது, பார்க்கக் கூடாதென்று விதியில்லை என்று சொல்லித் தம் சிறு கண்ணாடியையும் விளக்கையும் கொண்டு வந்து பார்பராவின் வாயைத் திறந்து பார்த்தார்.

"என்ன தெரியுதுங்க டாக்டர்?"

"சாமியாரோட கடைவாய்ப் பல்லுல நான் அடைச்சதவிட நல்லா அடைச்சிருக்கு. வெள்ளி மாதிரி மின்னுது. ஒரு ஓரம்கூட விடல. யாருப்பா செஞ்சது, வேலைக்கு வெச்சுக்கலாம்போல."

"ஈயம்," என்றார் கயெதான். அச்சொல் அவர் வாயில் மரண அறிவிப்புப்போல் ஒலித்தது.

"துடைக்கத்தானே கூடாது? செப்புத்தோல் போட்ட கெட்டிக் குண்டு நாலு போட்டுச் சுட்டா, உள்ள இருக்கிறத அதுவே வழிச்சுக்கிட்டுப் போயிடாதா?"

"வழிக்காது டாக்டர். ஏற்கெனவே குறுகிப்போன தொண்டையில கெட்டிச் சோத்த அடைச்ச மாதிரி ஆயிடும். குழல் வீங்கும், இல்ல வெடிக்கும். அப்புறம் சேவல் நிக்கும், நாமதான் விழுவோம்."

அரசர் வலேரியன் வெள்ளிச் சங்கிலி குலுங்க எழுந்தார். இரண்டு நாளாய் அதைச் சுமந்த கழுத்து ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்தது. பீகோஸ் காலையிலேயே தீர்ந்து, திருமணத்துக்கென்று வைத்த சாசேஜில் கைவைத்தாயிற்று.

"யோவ் புகைக்கரி! என் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சத இந்த நாப்பது பேரும் நின்னு மெல்றாங்க. இவங்களுக்காவது பரவால்ல, இப்ப சேவலக் கும்பிட வந்தவங்களும் தட்டோட வரிசையில நிக்கிறாங்க. உன் குழல்ல என்ன கோளாறுன்னு சொல்லு, இல்ல சாவியக் கழட்டி வை."

"நாளைக்குச் சொல்றேன் வலேரியன்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான். அதுக்குள்ள விழலன்னா நானே மேல ஏறி அதப் புடுங்கிச் சூப்பு வெச்சுடுவேன். மரம்னு பார்க்கமாட்டேன்."

புதன் விடிந்ததும் கயெதான் அடுக்களை மேசையில் எஞ்சிய பசைக்கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலால் வளைத்தார். நல்ல மெழுகுப்பசை ஈரக் களிமண்போல் வளையும். இது கண்ணாடிபோல் படக்கென்று உடைந்தது. இத்தகைய பசை குண்டோடு போகாது, வாயிலிலேயே உதிர்ந்துவிடும். பிறகு ஈயம் வெற்றுடம்போடுதான் பயணம் போக வேண்டும். ஆனால் பங்கு மாறவில்லை, காய்ச்சிய பக்குவம் மாறவில்லை. அப்படியானால்? அவர் பையிலிருந்து திரித்துண்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். அப்போதுதான் லுத்விகா உள்ளே வந்தாள்.

"மாதாவே! இடித்திரி! இத்தன துண்டா? யார் வீட்டுல சாவு?"

கயெதான் தலை குனிந்தார். முப்பத்தொரு ஆண்டு இல்லற வாழ்வில் அவர் மறைத்தது இது ஒன்றுதான். அதை இப்போது முழுவதும் சொல்லி முடித்தார். சொல்லும்போது அவர் கண் மக்கரோனிப் பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

லுத்விகா நாற்காலியில் அமர்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா மந்திரிச்ச திரிய உருக்கிக் குண்டுக்குப் பூசியிருக்கே."

"ஆமா."

"நம்ம வீட்டுத் திரியும்?"

"நம்ம வீட்டுப் பழசு ரெண்டு மூணு... ஆமா."

அவள் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சினத்தில் விரிந்த மூக்கு, சினத்தை மறந்து மீண்டும் முகர்ந்தது. இன்னொன்றை எடுத்தாள். பிறகு மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு பழுப்புத் திரியை எடுத்து வந்தாள். அவர்கள் திருமணம் நடந்த ஆண்டில் மந்திரித்த திரி அது. பெரும்புயலுக்கு மட்டுமே ஏற்றி, விரல் நீளத்துக்குக் காத்துவைத்திருந்தாள். அதை முகர்ந்தாள்.

"கய்தெக், இங்க மோந்து பாரு. இது தேன். அது மண்ணெண்ணெய்."

அவர் முகர்ந்தார். நகத்தால் கீறினார். பழைய திரி நகத்தோடு ஒட்டிச் சுருண்டு வந்தது; புதியவை வெண்பொடியாய் உதிர்ந்தன. மேலே மஞ்சள் சாயம், உள்ளே பாரஃபின். சென்ற மூன்றாண்டுத் திரிகள் அனைத்தும் அப்படியே. முந்தைய இரண்டாண்டும் பழைய மெழுகு பாதி கலந்திருந்ததால் குழல் தப்பியது. இவ்வாண்டு பசை முழுவதும் இதுதான். மந்திரித்தது எதுவும் தேன்மெழுகாகவே இருக்கும் என்று நம்பியது அவர் பிழை.

லுத்விகா திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஃபெலித்ஸ்யா அத்தை! போன வருஷம் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப இந்தத் திரியத்தானே கையில கொடுத்தோம்? என்ன நாத்தம்னு கேட்டுக்கிட்டே எழுந்து உக்காந்தாளே! இன்னைக்கு வரைக்கும் கொழுக்கட்டை தின்னுக்கிட்டு இருக்கா!"

"அப்ப ஒரு நல்லதும் நடந்திருக்கு."

"அவ நம்ம வீட்டுல இல்ல, அதனால உனக்கு நல்லது."

பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "இத சபையில சொல்லப் போறியா? சொன்னா சாவி போயிடும். ஊர்ல ஒரு வீட்டுலயும் உன்ன உள்ள விடமாட்டாங்க."

அவர் கழுத்தில் சாவி கனத்தது. "உள்ள அழுக்க வெச்சுக்கிட்டு வெளிய பொத்தானத் தேய்ச்சு என்ன லுத்விகா. சொல்லாட்டி துடைக்க விடமாட்டாங்க. துடைக்காட்டி பார்பரா அப்படியே கிடப்பா."

"பார்பரா, பார்பரா. நான் மூக்கடைச்சு ஒரு வாரம் கிடந்தேனே, எட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன். விளக்கு போட்டுத்தான் பார்த்தேன்."

அது உண்மைதான். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரிகளைத் துணியில் முடிந்தாள்.

காலை பத்து மணிக்குச் சகோதரர்கள் கூடினர். கம்பத்தடியில் பூச்செண்டுகள் இடுப்பளவு உயர்ந்திருந்தன. சாமியார் மிதிவண்டியில் சாய்ந்து நின்றார். கயெதான் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். இருபத்திரண்டு ஆண்டு அது தொங்கிய இடத்தில், கரிபடிந்த தோல் நடுவே, சாவி வடிவில் ஒரு வெண்தழும்பு தெரிந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பேசினார். யார் வீட்டுத் திரி, எந்த ஆண்டு, எத்தனை பங்கு என ஒன்றையும் விடவில்லை.

பிறகு அனைத்துத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் எழும்பிற்று.

"எங்க அப்பா கையில பிடிச்ச திரிய!"

"அதான் போன வருஷம் நான் சுட்டது சும்மாப் போய்ப் பட்டதா? நான் என் திறமைன்னு நெனச்சேனே!"

"துரோகி! தக்க இடத்துல சேர்த்துடுன்னு சொன்னா சேவல் வயித்துலயா சேர்ப்பே?"

மூத்தவர் ஹியெரோனிம் மேசையைத் தட்டினார். "இருங்கப்பா, ஒண்ணு கேக்குறேன். அப்ப இத்தன வருஷமா அடைக்காதது இந்த வருஷம் ஏன் அடைச்சுது?"

கயெதான் தயங்கினார். இதற்கு மேல் சொல்வது தம் குற்றமன்று, பிறர் குற்றம். அவர் தயங்கிய இடைவெளியில் லுத்விகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பழையதும் புதியதுமான இரண்டு திரிகளையும் மூத்தவர் மூக்கின் கீழே நீட்டினாள். அவர் முகர்ந்தார். அரசரிடம் கொடுத்தார். அரசர் முகர்ந்து அஞ்சல்காரரிடம் கொடுத்தார். திரிகள் கைமாறக் கைமாற, நாற்பத்திரண்டு மூக்குகளும் கயெதானை விட்டு மெல்லத் திரும்பிச் சாமியாரை நோக்கின.

சாமியார் பிளாஷெய் முகம் சிவந்தார். "வியாபாரி தேன்மெழுகுன்னுதான் சொன்னான். மோந்து பாருங்க சாமின்னு நீட்டினான். நானும் மோந்தேன்."

"என்ன வாசனை வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. எனக்கு அப்ப கடுமையான சளி. மூணு வருஷமும், பிப்ரவரி ஆனா எனக்குச் சளிதான்."

"மந்திரிச்சது ஒட்டியிருக்குமா சாமி?" என்று ஒரு பெண் கவலையோடு கேட்டாள்.

"மந்திரிச்சது எதுல வேணும்னாலும் ஒட்டும்மா."

"ஒட்டும் சாமி," என்றார் கயெதான் பணிவோடு. "ஈயமும் ஒட்டும்."

எங்கோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு சினம் நீடிக்க வழியில்லாமல் போயிற்று. சாசனம் கேட்ட இரண்டும், காரணமும் சாவியும், மேசைமேல் கிடந்தன. துடைக்கலாம் என்றார் மூத்தவர்.

ஆனால் கயெதானின் பித்தளைத் தூரிகை தேய்ந்துபோயிருந்தது. அடைப்பை வெறுமனே வருடியது. அப்போது லுத்விகா மேலங்கிப் பையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தாள்.

"நல்ல செம்பா? செம்பு முலாம் பூசின இரும்பா இருந்தா வரியக் கீறிடும்."

"காந்தம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். உன்கூட முப்பத்தொரு வருஷம் இருந்தும் அது தெரியாதா?"

கயெதான் அவளை ஏறிட்டு நோக்கினார். புதிதாய்ப் பார்ப்பவர்போல் நோக்கினார். பிறகு சுருளில் ஒரு முழம் பிரித்துத் தேய்ந்த தூரிகையின்மேல் இறுக்கிச் சுற்றித் துடைகோலில் பொருத்தி, பார்பராவின் பின்வாயில் நுழைத்துத் தள்ளினார். ஒரு தள்ளு, இரண்டு, மூன்று. நான்காவதில் முன்வாயிலிருந்து வெள்ளைத் துணிமேல் ஈயச் செதில்கள் பொழிந்தன. மீன் ஆய்ந்தாற்போல் மின்னின. பதினைந்தாம் தள்ளில் துணிமேல் ஒரு செதிலும் விழவில்லை. அவர் குழலை வானுக்கு ஏந்திப் பார்த்தார். வரிகள் ஒவ்வொன்றும் ஒளியைத் தூக்கிக்கொண்டு சுழன்று சென்றன. அவர் கண் ஈரமானது, தூசி என்றார்.

"என்ன பத்துத் தேய்ப்பு தேய்ச்சே, அவ்வளவுதானே?" என்றார் வலேரியன். "பாத்திரம் கழுவுற கம்பியில துப்பாக்கி திருந்துமா? கதை."

கம்பத்தடியிலிருந்த பெண்கள் அச்செதில்களைக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளத் தொடங்கியிருந்தனர். கயெதான் பதறினார்.

"அது நஞ்சும்மா! வாயில வைக்காதீங்க! குழந்தைங்க கையில கொடுக்காதீங்க! கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க!"

அவர்கள் பயபக்தியோடு கை கழுவ வரிசையில் நின்றார்கள். சாமியார் வானத்தைப் பார்த்தார்.

புதுப்பசைக்கு மெழுகு வேண்டும். லுத்விகா தங்கள் திருமண ஆண்டுத் திரியை ஒருமுறை தடவிப் பார்த்தாள்; பிறகு நீட்டினாள். அரசரின் சாசேஜ் பானையில் அது உருகியது; கொழுப்பு அரசர் உபயம். தேன் மணம் மைதானமெங்கும் பரவிற்று. பத்துக் குண்டுகளுக்குப் பசை பூசி ஆறவைத்தார்கள். சீட்டு எடுத்ததில் முதல் முறை வலேரியனுக்கே விழுந்தது.

வலேரியனின் முகம் வெளுத்தது. தம் முறையை மறுப்பது சகோதரருக்கு இழுக்கு. சுட்டால் பட்டுவிடுமோ என்ற அச்சம். பட்டால் இன்னோர் ஆண்டு அரசர், இன்னோர் ஆண்டு பீகோஸ், இன்னோர் ஆண்டு அந்தச் சங்கிலி. அவர் கயெதானின் காதருகே குனிந்தார்.

"எனக்கு வழி தெரியும். ரெண்டு நாளா சேவல நேரா குறி வெச்ச ஒருத்தனுக்கும் படல. எல்லாம் ரெண்டு சாண் இடது பக்கம். நான் நேரா சேவல் நெஞ்சுக்கே வெக்கிறேன். பத்திரமா தப்பிச்சுக்குவேன்."

"வலேரியன், குழல் இப்பச் சுத்தம். நேரா வெச்சா நேராத்தான் போகும்."

"போய்யா. கம்பிய வெச்சுத் தேய்ச்சா குழல் திருந்திடுமா."

"உண்மையாச் சொல்றேன். கொஞ்சம் வலப்பக்கம் வெச்சுக்குங்க."

"உன் உண்மைய இன்னைக்கு நிறையக் கேட்டாச்சு."

நாற்பத்தொரு சகோதரர்களும் கயெதானைப் பார்த்தபடி பொத்தானைப் பற்றினர். வலேரியன் சேவலின் நெஞ்சுக்கு நேரே குறி வைத்தார். தவறவிடும் உறுதியோடு, நிம்மதியோடு விசையை இழுத்தார். அன்றுவரை அவர் அத்துணை அழகாகச் சுட்டதில்லை.

சேவல் ஒற்றைச் சிறகை ஒருமுறை வானில் விரித்துவிட்டுப் பூச்செண்டுகளின் நடுவே மெத்தென்று விழுந்தது.

"அரசர் வாழ்க!" என்ற முழக்கம் எழுந்தது. வலேரியன் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, சங்கிலியோடு தரையில் அமர்ந்துவிட்டார். மூன்று நிமிடம் அவரை எவரும் எழுப்பவில்லை. பிறகு மூத்தவர் சாவியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

"அரசே, யாருக்கு?"

கயெதான் தம் சட்டைப் பொத்தானைப் பற்றினார்.

"இந்த ஆளுக்கா? ஒருக்காலும் இல்ல! இவன் கையில இருந்தா குழல் அடுத்த வருஷமும் இப்படி நேராச் சுட்டுத் தொலைக்கும்!" வலேரியன் சுற்றுமுற்றும் பார்த்தார். செம்புச் சுருளை உதறிப் பையில் போட்டுக்கொண்டிருந்த லுத்விகா கண்ணில் பட்டாள். "அந்தம்மாகிட்ட கொடுங்க. மோப்பம் பிடிச்சதும் அவங்க, கம்பி கொண்டாந்ததும் அவங்க. இவன் குழலத் தொடணும்னா பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுத் தொடட்டும். அதான் தண்டனை."

மூத்தவர் சாசனத்தைப் புரட்டினார். "காவலர் குழலை நேசிப்பவராயும் பொய் பொறாதவராயும் இருத்தல் வேண்டும்னுதான் இருக்கு. மீசை பத்தி ஒண்ணும் எழுதல."

லுத்விகா சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டினாள். கனம் பார்த்தாள். "இதத்தானா இத்தன வருஷம் குளிக்கும்போதுகூடக் கழட்டாம இருந்தே? துருப்பிடிச்சிருக்கு கய்தெக். வீட்டுக்கு வா, முதல்ல இதத் தேய்க்கணும்."

சனிக்கிழமைத் திருமணத்துக்குச் சகோதரர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து ஒரு பானை உணவு கொண்டுவந்தனர். கயெதான் வீட்டுப் பங்கு குழல் மக்கரோனி; ஒன்றுகூட அடைத்ததில்லை என்று மணமகளுக்கு உறுதி கூறினார். சாமியார் தேனீ வளர்ப்பவரைத் தேடி நேரே போய்த் திரி சொல்லிவிட்டு வந்தார். முகர்ந்து பார்க்க லுத்விகாவை உடனழைத்துச் சென்றார். பழைய துண்டுகளை இல்லத்தரசிகள் இன்றும் கயெதானிடமே கொடுக்கிறார்கள். "தக்க இடத்துல சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு, இப்போது அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள்.

அவ்விருவர் இல்லத்துப் புகைபோக்கி என்றும் அடையாதிருக்க. மாதா படத்தின் பின்னுள்ள திரி தேனீ தந்ததாகவே இருக்க. இடி அவ்வீட்டுக் கூரைக்கு மேலே வழி விலகிப் போக. அடுக்களைச் செம்பு தேயாதிருக்க, மூக்கு அடையாதிருக்க. ஒருவரிடம் ஒருவர் மறைக்கும் துண்டு எதுவுமின்றி, வாசல் முதல் நெஞ்சு வரை வெளிச்சம் நேரே ஊடுருவும்படி, இறைவன் அந்தக் குடியை நெடிது வாழ்வித்தருள்க.